பட்டுக்கு ஒண்ணும் ஆகல, என்சைம் மட்டும் ஏன் முடங்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு நேரா ஒரு கேள்வியில ஆரம்பிக்கலாம். பட்டுப் புடவையை ஏன் வீட்ல துவைக்காம டிரை கிளீனிங்குக்குக் குடுக்கிறோம்?

நான் தேசூர்க்காரன். கடையில ‘ஆரணிப் பட்டு’ன்னு விக்கிற புடவை எல்லாம் ஆரணி டவுன்லயே நெய்யறது இல்ல. சுத்தி இருக்கிற பல ஊர் தறிகள்ல இருந்து வருது, அதுல எங்க ஊரும் ஒண்ணு. அங்க யாரைக் கேட்டாலும் பதில் தயாரா இருக்கும்: தண்ணி பட்டா சாயம் இறங்கும், ஜரிகை மங்கும், துணி சுருங்கும். சரிதான். ஆனா பட்டு நூலுக்கே தண்ணின்னா பயம்னு நினைச்சுடாதீங்க. தறிக்கு வர்றதுக்கு முன்னாடியே அதைச் சோப்பும் சலவை சோடாவும் போட்ட கொதி தண்ணியில வேகவச்சு எடுத்திருப்பாங்க. புழு கூடு கட்டும்போது நூலோட சேர்த்து ஒரு பசையை விடும். அதுக்குப் பேர் செரிசின். கச்சாப் பட்டோட எடையில ஏறக்குறைய 20-ல இருந்து 25 சதவீதம் இந்தப் பசைதான். அது கரைஞ்சு போன பிறகு மிஞ்சுறது ஃபைப்ரோயின். நாம பட்டுன்னு தொட்டுப் பார்க்கிறது அதைத்தான்.

இப்ப சலவை லிக்விட் பாட்டிலோட பின்பக்கம் பாருங்க. நிறைய பிராண்டுல ‘பட்டு, கம்பளிக்கு வேண்டாம்’னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. பல நேரம் அதுக்குக் காரணம் உள்ள இருக்கிற புரோட்டியேஸ் என்கிற என்சைம். ரத்தம், பால், முட்டை மாதிரி புரதக் கறைகளை வெட்டி எடுக்கிறது அதோட வேலை. பட்டும் புரதம்தான். எது கறை, எது புடவைன்னு அதுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

டிரை கிளீனிங்னு பேர்தான் ‘டிரை’. மெஷின் உள்ள முழுக்கத் திரவம்தான் ஓடுது, ஆனா அது தண்ணி இல்ல. பெர்குளோரோஎத்திலீன், இல்லன்னா பெட்ரோலியத்துல இருந்து எடுக்கிற ஒரு சால்வென்ட். புடவை அதுல முங்கி எழுந்தாலும் அப்படியே வரும். அதே திரவத்துல அந்த புரோட்டியேஸைப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட படுத்துடும். ரெண்டுமே அமினோ அமிலச் சங்கிலிதான். ஒண்ணு ஜம்முனு இருக்கு, இன்னொண்ணு முடங்கிப் போகுது. இந்த முடக்கத்தை பாலிமரை வச்சு எப்படிச் சரி பண்றாங்கங்கிறதுதான் இன்னைக்கு விஷயம்.

ரெண்டு வார்த்தையை மட்டும் முதல்ல தெளிவாக்கிடறேன். பாடப்புத்தகத்துல நொதின்னு படிச்சிருப்பீங்க, நான் என்சைம்னே சொல்றேன். அடுத்தது ஆர்கானிக் சால்வென்ட். ஆர்கானிக்னதும் இயற்கை அங்காடி ஞாபகம் வந்தா மறந்துடுங்க. இங்க ஆர்கானிக்னா கார்பனை அடிப்படையா வச்ச வேதிப்பொருள், அவ்வளவுதான். அசிட்டோன், தொலுவீன், ஹெக்சேன் எல்லாம் இந்த வகை. நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்துல இருந்து பெயிண்ட் தின்னர் வரைக்கும் இந்தக் குடும்பம்தான்.

முதல் சந்தேகம் எல்லாருக்கும் ஒண்ணுதான் வரும். என்சைம் தண்ணியில பிறந்தது, தண்ணியில வாழறது. அதை எதுக்கு தின்னர்ல போடணும்?

ரெண்டு காரணம். ஒண்ணு, மருந்துத் தொழிற்சாலையில கையாளுற பல மூலக்கூறுகள் தண்ணியில கரையவே கரையாது. கரையாத பொருளை என்சைம்கிட்ட கொண்டு போய் நிறுத்த முடியாது. ரெண்டாவது காரணம் இன்னும் சுவாரஸ்யம். லைபேஸ்னு ஒரு என்சைம் நம்ம வயித்துல கொழுப்பை உடைக்குது. உடைக்கிறதுக்கு அது தண்ணியை ஒரு மூலப்பொருளாவே செலவழிக்குது. தண்ணியை எடுத்துட்டா? அதே லைபேஸ் வண்டியை ரிவர்ஸ்ல ஓட்டும். அமிலத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்து எஸ்டர் கட்டும். வாசனைப் பொருள், கிரீம், மருந்துக்கான பாகங்கள்னு நிறைய விஷயம் எஸ்டர்தான். ஆக, தண்ணி இருந்தா உடைக்கிற கருவி, தண்ணி இல்லன்னா கட்டுற கருவி.

இது நடக்கும்னு பளிச்சுன்னு காட்டினது 1984-ல. அமெரிக்காவுல எம்.ஐ.டி-யில அலெக்ஸி சாக்ஸ், அலெக்சாண்டர் கிளிபனோவ்னு ரெண்டு பேர், பன்றியோட கணையத்துல இருந்து எடுத்த லைபேஸை 99 சதவீதம் ஆர்கானிக் திரவத்துல போட்டு வேலை வாங்கினாங்க. அதுவும் 100 டிகிரி செல்சியஸ்ல! தண்ணியில அந்தச் சூட்டுக்கு இந்த என்சைம் உடனே வெந்து போயிருக்கும். இங்க என்னடான்னா, ஈரத்தைக் குறைக்கக் குறைக்கச் சூட்டைத் தாங்கற சக்தி கூடிக்கிட்டே போச்சு. பல மணி நேரம் 100 டிகிரியில உட்கார்ந்து வேலை பார்த்துச்சு.

இது எப்படின்னு புரிய கொரோனா காலத்தை நினைச்சுக்கோங்க. சானிடைசர்ல ஆல்கஹால் ஏறக்குறைய 70 சதவீதம் இருக்கணும்னு ஏன் சொன்னாங்க? 95 சதவீதம் இன்னும் நல்லாத்தானே கொல்லணும்? கொல்லாது. ஒரு புரதம் தன் மடிப்பை அவிழ்த்துக் கெட்டுப்போகணும்னா அதுக்கு அசைஞ்சு கொடுக்கிற தன்மை வேணும். அந்த அசைவைத் தர்றது தண்ணி. தண்ணி ரொம்பக் குறைஞ்சா புரதம் விறைச்சு நிக்கும், கெட்டுப் போகக்கூட அதால முடியாது. எம்.ஐ.டி லைபேஸ் 100 டிகிரியைத் தாங்கினதும் இதனாலதான்.

பிரச்சனையும் அதே இடத்துலதான் இருக்கு. என்சைம் வேலை செய்யறதுக்கும் கொஞ்சம் அசையணும். மூலப்பொருளை உள்ள வாங்கணும், வெட்டணும் இல்ல ஒட்டணும், வெளிய விடணும். விறைச்சுப் போன என்சைம் உயிரோட இருக்கு, ஆனா வேலை நகராது. சால்வென்ட்ல சும்மா தூளா கொட்டின என்சைமோட வேகம் தண்ணியில இருக்கிறதை விட ஆயிரக்கணக்கான மடங்கு குறையறது சர்வசாதாரணம்.

எவ்வளவு தண்ணி இருந்தா போதும்? ஆச்சரியமா, ரொம்பக் கொஞ்சம். பல என்சைமுக்கு, தன்னைச் சுத்தி ஒரு மூலக்கூறு கனத்துக்கு முழுசா ஒரு அடுக்குகூட வேண்டியதில்ல. அந்த ஈரம் அதோட மேல ஒட்டிக்கிட்டு இருந்தா போதும். யார் அதைப் பிடுங்குறாங்கங்கிறதைப் பொறுத்துத்தான் எல்லாம். நெதர்லாந்துல லானெயும் அவரோட ஆட்களும் 1987-ல இதுக்கு ஒரு கணக்கு சொன்னாங்க. ஒரு சால்வென்ட் எண்ணெய் மாதிரியான திரவத்தை விரும்புதா, தண்ணியை விரும்புதான்னு அளக்கிற ஒரு எண் இருக்கு, லாக் பி. அது 4-க்கு மேல போனா என்சைமுக்கு நல்லது, 2-க்குக் கீழ வந்தா கஷ்டம். டி.எம்.எஃப்னு ஒரு சால்வென்ட்டுக்கு இது மைனஸ் 1. அசிட்டோனுக்குப் பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் கீழ. தொலுவீன் ஏறக்குறைய 2.5, ஹெக்சேன் 3.5. நாம நினைக்கிறதுக்கு நேர் எதிர், பாருங்க. தண்ணியோட சுலபமா கலக்கிற அசிட்டோன்தான் ஆபத்து, ஏன்னா அது என்சைம் மேல இருக்கிற ஈரத்தைத் தனக்குள்ள இழுத்துக்கும். பெட்ரோல் மாதிரி இருக்கிற ஹெக்சேன் அந்த ஈரத்தைச் சீண்டறது இல்ல.

இன்னொரு விஷயம், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது: பி.ஹெச் ஞாபகம். என்சைமைத் தண்ணியில எந்த பி.ஹெச்ல வச்சு உலர்த்துறீங்களோ, அந்த பி.ஹெச்ல இருந்த மின்னூட்ட நிலையை அது சால்வென்ட்லயும் அப்படியே வச்சுக்கும். சால்வென்ட்ல பி.ஹெச்னு ஒண்ணு அர்த்தமே இல்ல, ஆனாலும் கடைசியா இருந்த செட்டிங்ஸை சேவ் பண்ணி வச்சிருக்கு. அதனால தப்பான பி.ஹெச்ல உலர்த்தின தூளைச் சால்வென்ட்ல போட்டுட்டு ‘இந்த என்சைம் வேஸ்ட்’னு சொல்றதுல அர்த்தம் இல்ல.

சரி, பாலிமர் எங்க வருது?

நம்ம ஆபீஸ்ல தினமும் நடக்கிற கதைதான். கோடு சர்வர்ல ஓடலன்னா, ‘ப்ரோ, என் லேப்டாப்ல ஓடுதே’ன்னு ஒருத்தன் சொல்லுவான். அதுக்கு நாம கண்டுபிடிச்ச தீர்வு டாக்கர்: கோடை மட்டும் அனுப்பாதே, அது ஓடுறதுக்குத் தேவையான சூழலையும் சேர்த்து மூட்டை கட்டி அனுப்பு. என்சைமுக்கு பாலிமர் செய்யறதும் ஏறக்குறைய அதேதான். சுத்தி தொலுவீனே இருக்கட்டும், ஒட்டி இருக்கிற அக்கம்பக்கம் மட்டும் தண்ணி மாதிரி இருந்தா போதும்.

இதை முதல்ல அழகா செஞ்சவங்கள்ல ஜப்பானோட யூஜி இனாதா குழு ஒண்ணு. அதே 1984. அவங்க எடுத்தது பாலிஎத்திலீன் கிளைகால், சுருக்கமா பி.ஈ.ஜி. கொலோனோஸ்கோபிக்கு முன்னாடி லிட்டர் லிட்டரா கரைச்சுக் குடிக்கச் சொல்றாங்களே ஒரு பவுடர், அதோட முக்கியச் சரக்கு இதுதான். இந்தச் சங்கிலிக்கு ஒரு அபூர்வ குணம். தண்ணியிலயும் கரையும், பென்சீன்லயும் கரையும். இந்தச் சங்கிலிகளைக் கேட்டலேஸ் என்கிற என்சைமோட உடம்புல, லைசின் இருக்கிற இடங்கள்ல, முடி மாதிரி ஒட்டவச்சாங்க. பென்சீன்ல தூளா அடியில படுத்திருக்க வேண்டிய என்சைம் தெளிவா கரைஞ்சுது, எதிர்பார்க்காத அளவுக்கு வேலையும் செஞ்சுது. சங்கிலியோட ஒரு பக்கம் பென்சீனோட பழகுது, இன்னொரு பக்கம் என்சைமுக்குப் பக்கத்துல ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்குது. இன்னொரு சௌகரியம்: பி.ஈ.ஜி ஹெக்சேன்ல கரையாது. வேலை முடிஞ்சதும் ஹெக்சேனை ஊத்தினா என்சைம் கீழ படிஞ்சுடும், வடிகட்டி எடுத்துக்கலாம்.

நம்ம ஊர்ல இந்தத் துறையில பெரிய பேர் ஐ.ஐ.டி டெல்லியோட எம்.என். குப்தா. சால்வென்ட்ல என்சைம் எப்படி நடந்துக்குதுன்னு 1992-லயே அவர் எழுதின விமர்சனக் கட்டுரையை இந்தத் துறை ஆட்கள் பரவலா மேற்கோள் காட்டுவாங்க. அவர் குழு கையில எடுத்த பாலிமர்களைப் பாருங்க. கடற்பாசியில இருந்து வர்ற ஆல்ஜினேட், இறால் ஓட்டுல இருந்து வர்ற கைட்டோசான், அப்புறம் யூட்ராகிட். மாத்திரை வயித்துல கரையாம குடலுக்குப் போய்க் கரையணும்னா மேல பூசுறாங்களே, அந்தப் பூச்சு. பி.ஹெச் ஏறினா கரையும், இறங்கினா படிஞ்சுடும். என்சைமை இதோட இணைச்சுட்டா, வேலை நேரத்துல கரைஞ்சு நிக்கும், முடிஞ்சதும் பி.ஹெச்சை மாத்தி வெளிய எடுத்துக்கலாம். அவங்க சொன்ன இன்னொரு முறை பாலிமரே தேவையில்லாதது: உறைய வச்சு உலர்த்தறதுக்குப் பதிலா, புரொப்பனால்ல என்சைமைப் படிய வச்சு, அதே புரொப்பனால்ல கழுவி ஈரத்தை எடுக்கிறது. உறைய வச்சு உலர்த்தும்போது என்சைமோட வடிவமே கோணலாகிடுது, அதைத் தவிர்க்கத்தான் இது. பெரிய மெஷின் தேவைப்படாத இந்த மாதிரி தீர்வுகளுக்கு நான் தனி மார்க் போடுவேன்.

தொழிற்சாலையில ஜெயிச்சது இதையெல்லாம் விட எளிமையானது, பாலிமர் மணிகள். கேண்டிடா அன்டார்க்டிகான்னு ஒரு ஈஸ்ட், அன்டார்க்டிகாவுல வாண்டா ஏரியோட வண்டல்ல கிடைச்சது. (வாண்டா, மக்களே. வந்தவாசி இல்ல.) அதோட லைபேஸை அக்ரிலிக் பிசின் மணிகளோட பரப்புல சும்மா ஒட்டிக்க விட்டதுதான் நோவோசைம் 435ங்கிற தயாரிப்பு. வேதிப் பிணைப்பு எதுவும் இல்ல, ஒட்டல் மட்டும்தான். தண்ணி நிறைய இருந்தா என்சைம் மணியை விட்டுக் கழண்டு போகும். சால்வென்ட்ல போகாது, ஏன்னா அதுக்குத்தான் சால்வென்ட்ல கரையவே தெரியாதே! இவ்வளவு நேரம் குறைன்னு பேசினது இங்க வசதியாகிடுச்சு.

இப்ப நம்ம வீட்டுக்குள்ள வர்ற உதாரணம். சர்க்கரை வியாதிக்கு சிட்டாகிளிப்டின் மாத்திரை போடறவங்க உங்க குடும்பத்துலயும் யாராவது இருக்கலாம். இதைத் தயாரிக்கிற ஒரு முக்கியமான கட்டத்துல மெர்க் கம்பெனி ரோடியம்ங்கிற விலை உயர்ந்த உலோகத்தையும், அதிக அழுத்தத்துல ஹைட்ரஜனையும் பயன்படுத்திக்கிட்டு இருந்துச்சு. கோடெக்ஸிஸ் கம்பெனியோட சேர்ந்து 2010-ல அந்த இடத்துல ஒரு என்சைமைக் கொண்டுவந்தாங்க. டிரான்ஸ்அமினேஸ்னு பேர். ஆரம்பத்துல இந்த மூலக்கூறை அந்த என்சைம் ஏறெடுத்தும் பார்க்கல. சுத்துச் சுத்தா ஜீனை மாத்தி மாத்தி, தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து, கடைசியில 50 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ சால்வென்ட்ல நின்னு வேலை செய்யற ஒண்ணை உருவாக்கினாங்க. மொத்தக் கழிவு 19 சதவீதம் குறைஞ்சதா அந்தக் கட்டுரையே சொல்லுது. 2022-ல நம்ம நாட்ல இந்த மாத்திரையோட விலை சரிஞ்சதே, அதுக்குக் காரணம் காப்புரிமை முடிஞ்சது. அதை என்சைம் கணக்குல எழுதக் கூடாது.

இந்த வழிக்குப் பேர் டைரக்டட் எவல்யூஷன். சால்வென்ட்டுக்கு ஏத்த மாதிரி என்சைமையே மாத்தறது. பிரான்சஸ் அர்னால்ட் 1993-லயே சப்டிலிசின்ங்கிற என்சைமை இப்படி மாத்தி 60 சதவீதம் டி.எம்.எஃப்ல வேலை வாங்கிக் காட்டினாங்க, 2018-ல நோபல் வாங்கினாங்க. கொண்டாட வேண்டிய விஷயம்தான். ஆனா எல்லாரும் அதோட நிறுத்திடறாங்க. 2012-ல மெர்க் ஆய்வாளர்கள் அடுத்த படிக்குப் போனாங்க. மாத்தி எடுத்த டிரான்ஸ்அமினேஸை ஒரு பாலிமர் பிசின்ல ஏத்தி, ஐசோபுரொப்பைல் அசிட்டேட்ங்கிற சால்வென்ட்ல ஓடவிட்டாங்க. அதே மணிகளை எடுத்து எடுத்துத் திரும்பப் பயன்படுத்த முடிஞ்சுது. கோடை மாத்தறதும் வேணும், கண்டெய்னரும் வேணும்.

ரெண்டுல எதுன்னு கேட்டா நான் பாலிமர் பக்கம்தான் சாய்வேன். என்சைமை மாத்தற வழியில ஒவ்வொரு புது என்சைமுக்கும் வேலையை முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். சரியான பாலிமர் கிடைச்சா பல என்சைமுக்கு ஒரே சட்டையைத் தைக்கலாம். 2018-ல பெர்க்லியில டிங் ஷூ குழு காட்டினது அதைத்தான். ஒரு புரதத்தோட மேற்பரப்பு ஒரே மாதிரி இருக்காது. இங்க தண்ணியை விரும்புற திட்டு, அங்க எண்ணெயை விரும்புற திட்டு, நடுவுல மின்னூட்டம் இருக்கிற இடம். அவங்க நாலே நாலு வகை சிறு மூலக்கூறை எடுத்து, எந்த வரிசையும் இல்லாம, ஆனா விகிதத்தை மட்டும் கணக்குப் பண்ணிக் கோர்த்து ஒரு பாலிமர் செஞ்சாங்க. வரிசை எதேச்சைதான். ஆனா அந்தச் சங்கிலியில எங்கயோ ஒரு துண்டு புரதத்தோட ஒரு திட்டுக்குப் பொருந்தும், இன்னொரு துண்டு இன்னொரு திட்டுக்கு. போர்த்திக்கிட்ட பெராக்ஸிடேஸ் தொலுவீன்ல வேலை செஞ்சுது. ஹார்ஸ்ரேடிஷ்னு ஒரு காரமான கிழங்குல இருந்து எடுக்கிற என்சைம் அது. நம்ம முருங்கைக்கு வெள்ளைக்காரங்க வச்ச பேர்ல ஒண்ணு ‘ஹார்ஸ்ரேடிஷ் மரம்’, வேர்ல அதே காரம் இருக்கிறதால. மத்தபடி ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல.

அதே குழு 2021-ல இன்னும் ஒரு படி மேல போச்சு. இப்படிப் போர்த்தின என்சைமை மக்கும் தன்மையுள்ள பிளாஸ்டிக் உள்ளயே கலந்துட்டாங்க. சாதாரண நிலைமையில அது சும்மா தூங்கும். வெதுவெதுப்பான தண்ணி பட்டா முழிச்சு, பிளாஸ்டிக்கை உள்ள இருந்தே அறுக்கும். சில நாள்ல கிட்டத்தட்ட முழுசா சிறு மூலக்கூறுகளா கரைஞ்சுடுது. ‘மக்கும் பை’ன்னு போட்டிருக்கிற பைகள் குப்பைமேட்டுல மாசக்கணக்கா மக்காம கிடக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். போர்வை இல்லாம என்சைமை மட்டும் கலந்தா கட்டி கட்டியா ஒதுங்கிடும். போர்வைதான் அதை பிளாஸ்டிக் முழுக்கச் சன்னமா பரப்புது.

கடைசியா, பட்டும் ஒரு பாலிமர்தானே, அதையே போர்வையா போட்டா என்ன? போட்டுப் பார்த்துட்டாங்க. ஃபைப்ரோயினை லித்தியம் புரோமைடு கரைசல்ல கரைச்சு, உப்பை வெளிய எடுத்து, என்சைமோட கலந்து மெல்லிசு தாளா ஊத்தலாம். அதுக்கு முதல் படி என்ன தெரியுமா? சோடியம் கார்பனேட்ல கூடுகளைக் கொதிக்க வச்சுச் செரிசினை எடுக்கிறது. அதாவது சலவை சோடா. அமெரிக்காவோட டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துல டேவிட் காப்லன் குழு 2009-ல குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ், லைபேஸ், பெராக்ஸிடேஸ் மூணையும் இப்படிப் பட்டுத் தாள்ல அடைச்சு, 10 மாசம் வரைக்கும் எப்படித் தாங்குதுன்னு பார்த்தாங்க. கணிசமான திறன் நின்னுச்சு. இது உலர்ந்த சேமிப்புக்கான சோதனை, சால்வென்ட் சோதனை இல்லங்கிறதையும் சொல்லிடணும். அதே 2009-ல ஐ.ஐ.டி குவாஹாட்டி ஆய்வு ஒண்ணுல லைபேஸைப் பட்டு இழை மேலயே ஒட்டி சூரியகாந்தி எண்ணெயை உடைச்சாங்க. அங்கயும் தண்ணி இருந்துச்சு.

சால்வென்ட் இதுல நுழையற இடம் வேற. பட்டுத் தாளை மெத்தனால்ல காட்டினா அதோட சங்கிலிகள் பக்கத்துல பக்கத்துல அடுக்கடுக்கா இறுகி, அப்புறம் தண்ணியில கரையாது. ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கான பதிலும் அங்கதான் இருக்கு. பட்டு ஏற்கனவே இறுகி நிக்கிறதுக்குன்னே கட்டப்பட்ட புரதம். சால்வென்ட் அதை இன்னும் கொஞ்சம் விறைப்பாக்கினா அதுக்கு நஷ்டம் இல்ல. என்சைம் அசைஞ்சு பிழைக்கிற புரதம்.

நடைமுறையில எல்லாம் சுமுகம்னு நினைச்சுடாதீங்க. பி.ஈ.ஜி ஒட்டறதுக்குச் செலவு ஆகும். சங்கிலி தப்பான இடத்துல ஒட்டினா என்சைமோட வாயே அடைஞ்சு போகும். மணி பெருசா இருந்தா மூலப்பொருள் உள்ள போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். கொட்டின சால்வென்ட்டை என்ன செய்யறதுங்கிற கேள்வி என்சைம் வந்தாலும் தீராது, பாலிமர் வந்தாலும் தீராது. அந்தச் சால்வென்ட்டைத் திரும்ப எடுத்துச் சுத்தம் பண்ற வேலையைத்தான் அடுத்த எபிசோடுக்கு எடுத்துக்கலாம்னு இருக்கேன். டிரை கிளீனிங் கடை வச்சிருக்கிறவங்க, மருந்துக் கம்பெனியில பிளான்ட் பக்கம் வேலை பார்க்கிறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, உங்க கேள்விகளோட சேர்த்தே பேசிடலாம்.